பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்



சென்ற மாதம் ஒரு தந்தையிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. அவருடைய மகள் காட்சித் தொடர்பியலில் பட்டம் பெற்றவர். இரண்டு ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை செய்துவருகிறார். திருமண அழைப்பிதழ், திருவிழா அறிக்கை, கடைகளுக்கான பிளக்ஸ், நிழற்பட ஆல்பம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே செய்து கொடுத்தால், அச்சகத்தார் தரும் சம்பளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஈட்டலாம் என்பது மகளின் எண்ணம். தாயார் தம் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து 75,000 ரூபாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இனிக் கணிப்பொறி வாங்க வேண்டியதுதான் பாக்கி.

"கடையில் மூன்று கணிப்பொறிகளைக் காட்டினார்கள், சுவாமி. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. மூன்றைப் பற்றியும் கடைக்காரர் ஒரே சொல்லைத்தான் சொன்னார்: 'இப்போதைக்கு இதை வாங்குங்கள்; வேண்டியதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.' இந்தச் சொல்லை நம்பலாமா? இந்தப் பணம் போனால் இன்னொரு முறை புரட்ட எங்களால் இயலாது" என்று எழுதி, மூன்று கொட்டேஷன்களையும் இணைத்திருந்தார்.

நான் பொறியாளன் அல்லன். ஆனால் பங்கு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பல ஆண்டுகளாகக் கணிப்பொறி வாங்கிப் பட்டறிந்தவன். பட்டதைச் சொல்வதில் வெட்கமில்லை.

2019-ஆம் ஆண்டில் பங்கு அலுவலகத்துக்கென்று பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியை வாங்கினோம். ஒல்லியான பெட்டி, மேசையில் ஒரு தடித்த அகராதியளவு இடமே பிடிக்கும், ஓசையே எழாது. கணக்கு எழுதவும் கடிதம் தட்டச்சு செய்யவும் மிகவும் நன்றாக உழைத்தது, இன்றும் உழைக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து இளைஞர் குழுவினர் திருவிழாக் காட்சிகளைத் தொகுத்துப் படமாக்க விரும்பினார்கள். "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும், சுவாமி" என்றார்கள். போடலாம் என்று விற்றவரும் சொல்லியிருந்தார். சென்னைக்குச் சென்றிருந்த ஒருவர் ரிச்சி தெருவில் ஒரு கார்டை வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தோம். கார்டு பெட்டியைவிட உயரமாக இருந்தது. மூடியை மூட இயலவில்லை. சரி, மூடி இல்லாமலேயே இருக்கட்டும் என்று துணிந்தபோது, கார்டுக்கென்று தனியாக மின்சாரம் தரவேண்டிய கம்பி அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை என்பது தெரிந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிடலாம் என்று எண்ணினோம். அதுவோ அந்த நிறுவனம் தனக்கென்று தனி அளவில் செய்துகொண்டது. கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ். அந்தக் குழிக்குள் நுழையாது. நுழைந்தாலும் அதன் 24 ஊசி இணைப்பு அந்த மதர்போர்டில் பொருந்தாது. கார்டை விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் அலுவலக அலமாரியில், பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

விற்றவர் பொய் சொன்னாரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். அந்தப் பெட்டியில் நினைவகத்தைக் கூட்டலாம், எஸ்.எஸ்.டி.யைப் பெரிதாக்கலாம். அதை மனத்தில் கொண்டுதான் அவர் சொன்னார். நாங்கள் கேட்டதோ வேறு. "எதைச் சேர்க்கலாம், எதுவரை சேர்க்கலாம்" என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆதலால் அந்தத் தந்தைக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு கணிப்பொறியில் சில உறுப்புகள் பின்னால் எளிதாக மாற்றத்தக்கவை. சில, ஒருமுறை வாங்கினால் அந்தப் பெட்டி உள்ளவரை அப்படியே இருப்பவை. நினைவகம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு ஆகியவை முதல் வகை. மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் ஆகியவை, நிறுவனங்கள் பொருத்தி விற்கும் பெட்டிகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இரண்டாம் வகை. கையில் பணம் குறைவாக உள்ளவர் முதலில் பார்க்கவேண்டியது இரண்டாம் வகையைத்தான். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் வகைதான். மதர்போர்டின் பெயரையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயரையும் எந்தக் கொட்டேஷனிலும் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். இவர் அனுப்பிய மூன்றில் இரண்டில் அவை இல்லவே இல்லை.

இந்தச் சிக்கல் இன்று நேற்று தோன்றியதன்று. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் உட்பலகையில் ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. அதன் அமைப்பு விவரங்களையும் அந்த நிறுவனமே நூலாக வெளியிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும் அந்த ஸ்லாட்டுகளுக்கேற்ற அட்டைகளைச் செய்து விற்க முடிந்தது. 1984 ஜனவரியில் வெளிவந்த ஆப்பிள் மாகிண்டோஷ் இதற்கு நேர்மாறானது. திரையில் எழுத்தின் உருவத்தையும் படத்தையும் கண்ணால் கண்டு வடிவமைக்கும் வழக்கத்தை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுவந்தது அதுதான். அடுத்த ஆண்டில் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளும் லேசர் ரைட்டர் என்னும் அச்சுப்பொறியும் அதனோடு சேர்ந்தபோது, இன்று நம் ஊர்களில் டி.டி.பி. என்று வழங்கும் தொழிலே பிறந்தது எனலாம். ஆயினும் அந்தப் பெட்டியில் ஒரு ஸ்லாட்டும் இல்லை. நினைவகம் 128 கிலோபைட். அதுவும் பலகையோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டது. பெட்டியைத் திறக்கவே நீண்ட தண்டுடைய தனித் திருப்புளி வேண்டும். (திறந்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது: அதைச் செய்த குழுவினரின் கையொப்பங்கள் மூடியின் உட்புறத்தில் வார்க்கப்பட்டிருந்தன.) 128 போதாது என்பது விரைவில் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 512 கிலோபைட் மாகிண்டோஷ் வந்துவிட்டது. முதலில் வாங்கியவர்கள் உட்பலகையையே மாற்றவேண்டிய நிலை ஏற்பட்டது. 1987-இல் வந்த மாகிண்டோஷ் இரண்டில்தான் ஆறு ஸ்லாட்டுகளும், திறக்கத்தக்க மூடியும், வண்ணமும் சேர்ந்து வந்தன.

ஆக, வடிவமைப்பு வேலைக்கு அழகான மூடிய பெட்டியா, அழகில்லாத திறந்த பெட்டியா என்னும் கேள்வி அந்தத் தொழிலோடு கூடவே பிறந்தது. இன்றைய மாக் மினியும் அந்தக் குடும்ப வழக்கத்தை விடவில்லை. 2024-இல் வந்த எம் 4 மாக் மினி 16 ஜி.பி. நினைவகத்தோடு தொடங்குகிறது, வேகமும் அமைதியும் உடையது, அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வாங்கும் நாளில் எவ்வளவு நினைவகமோ, கடைசி நாளிலும் அவ்வளவுதான். தன் வேலையின் அளவு இதுதான், இதற்குமேல் போகாது என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு அது நல்ல பொருள். இருபத்து மூன்று வயதில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு அப்படித் தெரிய வழியில்லை.

அந்தப் பெண்ணின் வேலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அழைப்பிதழும் அறிக்கையும் பெரும்பாலும் கோரல்டிராவில் செய்யப்படுகின்றன. நிழற்படங்கள் போட்டோஷாப்பில் திருத்தப்படுகின்றன. இவற்றுக்கு முதல் தேவை நினைவகமும் நல்ல பிராஸஸரும். போட்டோஷாப்புக்குக் குறைந்த அளவு 8 ஜி.பி. என்றும், 16 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது என்றும் அடோபி நிறுவனமே அறிவித்திருக்கிறது. எட்டு என்பது மென்பொருள் திறப்பதற்கான அளவு. ஒரு பிளக்ஸை அதன் பல அடுக்குகளோடு திறந்துவைத்து, பக்கத்தில் கோரல்டிராவையும் திறந்துவைப்பதற்கான அளவு அன்று. மேலும், தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் திரைக்கு வேண்டிய நினைவகமும் இந்த எட்டிலிருந்தே எடுக்கப்படும். ஆகையால் 16-க்குக் குறைந்து தொடங்கவேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு வேறு கதை. அழைப்பிதழுக்கும் அறிக்கைக்கும் விலையுயர்ந்த கார்டு தேவையே இல்லை; பிராஸஸரோடு சேர்ந்துவரும் உள்ளமைந்த கிராபிக்ஸ் போதும். நாளை அதே பெண் வீட்டு உள்ளலங்காரப் படங்களையோ, பிளெண்டரில் முப்பரிமாண உருவங்களையோ, திருமண வீடியோக்களையோ செய்யத் தொடங்கினால் அப்போது கார்டு வேண்டும். பிளெண்டர் போன்றவை ஒரு காட்சியைத் தீட்டிமுடிக்க, தக்க கார்டு இருந்தால் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. அந்த நாள் வரும்போது இந்தப் பெட்டி அந்தக் கார்டை ஏற்குமா? 75,000 ரூபாய் தங்கியிருப்பது இந்தக் கேள்வியில்தான்.

ஏற்கவேண்டுமானால் மூன்று காரியங்கள் பொருந்தவேண்டும் என்பதை நான் அலமாரியில் கிடக்கும் அந்தக் கார்டிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இடம் வேண்டும். ஒல்லியான கேபினட்டில் பாதி உயரக் கார்டுகளே நுழையும். அவை வகையில் குறைவு. முழு உயரமுள்ள கேபினட்டாக இருந்தாலும், கார்டின் நீளத்தையும் தடிமனையும் அளந்துகொள்ளவேண்டும். இன்று பல கார்டுகள் இரண்டு ஸ்லாட் அகலத்தை அடைத்துக்கொள்கின்றன.

மின்சாரம் வேண்டும். மதர்போர்டிலுள்ள நீண்ட ஸ்லாட்டின் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகம் போனால் 75 வாட். அதற்குமேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். ஆறு ஊசிக் கம்பி இன்னும் 75 வாட்டும், எட்டு ஊசிக் கம்பி 150 வாட்டும் தரும். எடுத்துக்காட்டாக, 2024-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டின் 6 ஜி.பி. வகைக்கு 70 வாட் போதும். தனிக் கம்பி வேண்டாம். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு 115 வாட், கம்பி வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். 550 வாட் இருப்பது நல்லது என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். எங்கள் அலுவலகப் பெட்டியில் இருந்ததோ மொத்தமே 180 வாட்.

மூன்றாவது, பொது அளவு. ஏ.டி.எக்ஸ். என்று ஓர் அளவுமுறையை இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்தது. எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு நீள அகலம், திருகு எங்கே, கம்பியின் நுனியில் எத்தனை ஊசி என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்த அளவில் செய்யப்பட்ட பெட்டியானால், எஸ்.எம்.பி.எஸ். போதாதபோது எந்த ஊரிலும் வேறொன்றை வாங்கி மாட்டலாம்; பழுதானாலும் மறுநாளே வேலையைத் தொடரலாம். பெரிய நிறுவனங்களின் பெட்டிகள் பலவற்றில் இந்த அளவு பின்பற்றப்படுவதில்லை. எல்லாவற்றிலும் அப்படியென்று சொல்லமாட்டேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளில் ஒன்று பொது அளவிலும் மற்றொன்று தனி அளவிலும் இருக்கக் காணலாம். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், மாடல் எண்ணைக் கொண்டு முடிவு செய்யுங்கள். டெல், எச்.பி., லெனோவா போன்ற நிறுவனங்கள் தங்கள் மாடல்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடுகளை இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கின்றன. மாடல் எண்ணைக் கடையிலிருந்து எழுதிவந்து, வீட்டில் உட்கார்ந்து அந்தக் கையேட்டைப் பார்த்தால், பெட்டியின் வயிற்றில் உள்ள ஒவ்வொரு திருகும் படத்தோடு தெரியும். கடைக்காரரோடு நின்று பேசும் ஒரு மணி நேரத்தைவிட அந்த அரைமணி பயனுடையது.

மதர்போர்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நினைவகத்துக்கு எத்தனை ஸ்லாட், அவற்றில் எத்தனை காலி என்று கேளுங்கள். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று இரண்டு தலைமுறைகள் இன்று கடைகளில் உள்ளன. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது, வெட்டுப்பள்ளமே வேறிடத்தில் இருக்கும். எஸ்.எஸ்.டி.க்கான எம்.2 ஸ்லாட் இரண்டு இருந்தால் நல்லது. ஒன்று நிரம்பியபின் மற்றொன்றில் புதியதை மாட்டி, பழைய வேலைகளை இழக்காமல் இருக்கலாம். பிராஸஸரை மாற்றுவதைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். இன்டெல்லின் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளும் எல்.ஜி.ஏ.1700 என்னும் ஒரே சாக்கெட்டில் அமர்வன என்பது உண்மையே. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டும் 2022 முதல் பல பிராஸஸர்களை ஏற்று வருகிறது. ஆனால் நிறுவனம் பொருத்திய பெட்டியில் அந்நிறுவனத்தின் பயாஸ் இசையவேண்டும். குளிர்விக்கும் விசிறியும் தாங்கவேண்டும். என் அனுபவத்தில், பிராஸஸரைப் பின்னால் மாற்றுவோம் என்று சொன்னவர்களில் மாற்றியவர்கள் மிகச் சிலரே. அதை முதலிலேயே நடுத்தரமானதாக வாங்கிவிடுவது நன்று.

நினைவகத்தைப் பற்றி மட்டும் நான் முன்னர்ச் சொல்லிவந்ததை இப்போது மாற்றிக்கொள்ளவேண்டியிருக்கிறது. "இன்று குறைவாக வாங்குங்கள், நாளடைவில் விலை இறங்கும், அப்போது கூட்டிக்கொள்ளுங்கள்" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பல ஆண்டுகள் சரியாகவே இருந்தது. ஆனால் செயற்கை நுண்ணறிவுக்கென்று கட்டப்படும் பெரும் கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால், 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அவற்றின் விலை இறங்குவதற்குப் பதில் கடுமையாக ஏறிற்று. என் சொல்லை நம்பி 8 ஜி.பி.யோடு வாங்கிய ஒரு குடும்பம் கூட்டிக்கொள்ளப் போனபோது மலைத்துத் திரும்பியது. ஆகவே, விலை இறங்கும் என்று கணக்குப் போடாதீர்கள். வேலைக்குப் போதுமான 16-ஐ இன்றே வாங்குங்கள். அதையும் ஒரே பட்டையாக வாங்கி, மற்ற ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். இரண்டு பட்டைகள் சேர்ந்து ஓடினால் வேகம் சற்றுக் கூடும், குறிப்பாக உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு அது நல்லது என்று அறிந்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இரண்டே ஸ்லாட்டுள்ள பலகையில் இரண்டையும் எட்டெட்டாக நிரப்பிவிட்டால், 32-க்குப் போகும் நாளில் இரண்டையும் கழற்றி எறியவேண்டும். குறைந்த பணத்தில் வாங்குபவர் சிறிது வேகத்தை விட்டுக்கொடுத்து அந்தக் காலி இடத்தைக் காப்பாற்றிக்கொள்வதே மேல்.

இனி அந்த மூன்று கொட்டேஷன்களுக்கு வருகிறேன்.

முதலாவது, பெயர்பெற்ற நிறுவனத்தின் ஒல்லியான பெட்டி. ஐ 5 பிராஸஸர், 8 ஜி.பி., 180 வாட். அதைப் படித்தவுடன் எங்கள் அலமாரி நினைவுக்கு வந்தது. கணக்கெழுதும் வீட்டுக்கு அதை மகிழ்ச்சியோடு பரிந்துரைப்பேன். இந்த வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவதைத்தான் மகள் விரும்புகிறார் என்று தந்தை எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கதவு, உள்ளே ஆறு வண்ணங்களில் சுழலும் விளக்குகள், "கேமிங், டிசைனிங் இரண்டுக்கும் ஏற்றது" என்னும் வாசகம், தனிக் கிராபிக்ஸ் கார்டு. இளையோருக்குப் பிடிப்பது இயல்பே. ஆனால் அந்தக் கார்டு ஜி.டி. 730, 2014-இல் வெளிவந்தது. அதன் கெப்ளர் தலைமுறைக்குப் புதிய வசதிகளோடு டிரைவர் வெளியிடுவதை என்விடியா நிறுவனம் 2021-இல் நிறுத்திவிட்டது. இன்றைய பிராஸஸர்களோடு இலவசமாக வரும் உள்ளமைந்த கிராபிக்ஸைவிட அது மேலானதென்று சொல்வதற்கில்லை. பிராஸஸரின் எண் 12400எப். அந்தக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் பிராஸஸரில் எப் என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். பத்தாண்டுக்கு மேற்பட்ட வடிவமைப்புடைய அந்தக் கார்டு ஒருநாள் பழுதானால், திரையில் படமே வராது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு அழைப்பிதழ் கேட்டு ஒருவர் வாசலில் நிற்பார். நினைவக ஸ்லாட்டுகள் இரண்டு. இரண்டிலும் நான்கு நான்கு ஜி.பி.யாக நிரப்பியிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பெயரே இல்லை. "பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்" என்பது இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை, கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்பதன்றி வேறில்லை.

மூன்றாவது பெட்டி பார்வைக்கு மிக எளியது. கறுப்பு இரும்புக் கேபினட், முழு உயரம், விளக்கு ஒன்றுமில்லை. பிராஸஸர் 12400, எப் இல்லாதது. 16 ஜி.பி. டி.டி.ஆர்.5, ஒரே பட்டை. இன்னும் ஒரு ஸ்லாட் காலி. எம்.2 இரண்டு, ஒன்றில் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கிராபிக்ஸ் கார்டு இல்லை. எஸ்.எம்.பி.எஸ். 550 வாட், ஏ.டி.எக்ஸ்., நிறுவனத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. கார்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மகள் இதைத் தள்ளியிருக்கிறார். தங்கள் மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மூன்றிலும் கார்டை உண்மையாகவே ஏற்கத்தக்க பெட்டி இது ஒன்றுதான்.

பழைய கணிப்பொறி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனங்கள் கழித்த பெட்டிகளைத் துடைத்து விற்கிறார்கள், விலை பாதிதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற, இன்டெல் பிராஸஸரானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்தியது எதுவாயினும் விலை கேட்கவே வேண்டாம். பிந்தியதாயினும், அவை பெரும்பாலும் அந்த ஒல்லியான சாதியைச் சேர்ந்தவையே.

மீதிப் பணத்தை எதில் போடுவது? மானிட்டரில். கணிப்பொறியை மாற்றினாலும் மானிட்டர் மாறுவதில்லை; அடுத்த பெட்டிக்கும் அதுவே உழைக்கும். ஐ.பி.எஸ். வகைத் திரையாகப் பாருங்கள், மலிவான டி.என். வகைத் திரையில் தலையைச் சற்று உயர்த்தினாலே வண்ணம் மாறித் தோன்றும். எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண அளவை எத்தனை விழுக்காடு காட்டும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும். நூற்றை ஒட்டியிருப்பது நல்லது. அப்போதும் திரையில் கண்ட சிவப்பு அச்சில் அப்படியே வராது; திரையின் வண்ணம் ஒளியால் ஆனது, அச்சின் வண்ணம் நான்கு மையால் ஆனது. அச்சகத்தில் இரண்டு ஆண்டு இருந்த பெண்ணுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

யு.பி.எஸ்.ஸும் அந்தத் தொகைக்குள் வரவேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் வரையே தாங்கும். இப்போதைக்குப் போதும், பிற்காலத்தில் பெரிய கார்டு ஏறினால் இதுவும் மாறவேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

மென்பொருளையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பிரதியை ஏற்றித் தருகிறோம் என்று கடையில் சொல்வார்கள். அது பிறர் உழைப்பு என்பது ஒருபுறமிருக்க, அத்தகைய பிரதிகளோடு வைரஸ் புகுந்து ஓர் அச்சகத்தின் கோப்புகள் முழுவதும் பூட்டப்பட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அடோபியின் மென்பொருள்களை மாதச் சந்தாவில் பெறலாம். சந்தா கட்ட இயலாத தொடக்க மாதங்களில் இங்க்ஸ்கேப், கிரிட்டா, பிளெண்டர் ஆகியவை முற்றிலும் இலவசமாகவும் முறைப்படியும் கிடைக்கின்றன.

இனிச் செய்யவேண்டியது சிறிதே. பணம் கட்டுவதற்கு முன் மகளை அழைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். மூன்றாவது பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கே வாங்கவேண்டாம். பெட்டியை நாமே திறந்து கார்டோ நினைவகமோ மாட்டினால் உத்தரவாதம் போய்விடுமா என்று கேட்டு, விடையை ஜி.எஸ்.டி. பில்லின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். பிறகு மகள் தம் கைப்பேசியில் பெட்டியின் உட்புறத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பட்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின்மேல் ஒட்டியுள்ள சீட்டும், அதிலிருந்து தொங்கும் எட்டு ஊசிக் கம்பியும் படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். பார்த்துவிட்டு அன்று மாலையே எழுதுகிறேன்.